நான்தான் என்று சொன்ன சேவியர்

சேவியர் காலமானார் என்ற செய்தி எங்கள் அலுவலகக் குழுவில் வந்தபோது நான் தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் மின்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் நிறுவனத்தில் இரண்டு சேவியர்கள். ஒருவர் ஸ்டோரில் வேலை பார்ப்பவர், இருதய நோய்க்காரர். அவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். உறுதிப்படுத்திக்கொள்ள, எனக்கு நெருக்கமான சேவியருக்கே போன் செய்தேன்.

"அண்ணே, ஸ்டோர் சேவியர் போயிட்டாராமே?" என்றேன், எடுத்ததும் எடுக்காததுமாக.

மறுமுனையில் பெண் குரல். "கலா, நான் லூர்து பேசறேன்மா. ஸ்டோர் சேவியர் இல்ல. எங்க வீட்டுக்காரர்தான்."

காலையில் வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் இறந்த செய்தியை அவரிடமே கேட்கப் போனவள் நான். அன்று தொடங்கிய குழப்பம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

பூன் லே வட்டாரத்தில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தேவாலயப் பாடகர் குழுவின் கனத்த குரலாகத் தெரியும். எனக்குத் தெரிந்த சேவியர் நாற்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். இருபது ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்துவிட்டு, மாலை நேரப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். வயதில் நான் ஏழெட்டு வருடம் சின்னவள். இந்த வேலையில் பதினைந்து வருடம் மூத்தவள். இருந்தும் முதல் நாளே அவரை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் மேசை ஒன்று, கணினி ஒன்று. அதில் லாகின் என் பெயரில் மட்டும் இருந்தது.

எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு சிறிய சர்வர் நிரல். புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகளில் ஆளுக்கொரு பெட்டி பொருத்துவார்கள். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அவசரம் என்றால் அழுத்த வேண்டும். பெட்டி எங்கள் சர்வரைத் தொடர்புகொண்டு வீட்டு எண்ணைச் சொல்லும். சர்வர் அதைப் பணியில் இருக்கும் தாதிக்குத் தெரிவித்துவிட்டு, தொடர்பை முடித்துக்கொண்டு, அடுத்த பெட்டிக்காகக் காத்திருக்கும். சோதனை முயற்சிதானே என்று ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் கவனிப்பதுபோல் எழுதினேன். நாற்பது வரிகூட வராது.

சேவியர் அந்த நாற்பது வரியையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டார். "கதவைத் திற. காத்திரு. வந்தவரை உள்ளே கூப்பிடு. சொல்வதைக் கேள். பதில் சொல். அனுப்பிவை. மறுபடி காத்திரு." ஒவ்வொரு பெட்டி இணையும்போதும் திரையில் 'வாங்க' என்று வரும்படி ஒரு வரியையும் சேர்த்தார். மேலாளர் அது என்ன என்று கேட்டபோது, "வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்றதுதான்" என்றார். மேலாளர் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

ஒருநாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "கலா, ஒருத்தர் உள்ள வந்து ஒண்ணுமே பேசாம நின்னுட்டா?"

"அது மனுஷன் இல்லண்ணே, பெட்டி. வந்த உடனே பேசிடும்."

"இல்ல லா, லைன் பாதியில செத்துப்போச்சுன்னா? நம்ம சர்வர் அவர் பேசுவாருன்னு பார்த்துக்கிட்டே நிக்கும்ல?"

நான் என்ன பதில் சொன்னேன்? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேனா, அல்லது அப்போதே ஏதாவது செய்தேனா? இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அந்த இடத்தில் எனக்கு எதுவுமே நினைவில் இல்லை.

பெட்டிகள் பொருத்தி மூன்றாவது வாரம் அதுவே நடந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு பெட்டி சர்வருடன் இணைந்தது. ஆனால் எதுவும் சொல்லவில்லை. சர்வர் அது பேசும் என்று காத்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் நான்காம் மாடியில் திருமதி லிம் குளியலறையில் வழுக்கி விழுந்து பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவருடைய பெட்டி வெளியே வரிசையில் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த வீட்டுக்காரர்தான் முனகல் கேட்டுக் கதவைத் தட்டினார். இடுப்பு எலும்பு முறிவு. உயிர் பிழைத்தார்.

மறுநாள் எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மேலாளர் சுற்றிவளைக்காமல், "இதை எழுதியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சேவியர், "நான்தான்" என்றார். "கலாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடைசியாகக் கை வைத்தது நான்."

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் அவரை நிரல் எழுதும் வேலையிலிருந்து எடுத்துப் பெட்டி பொருத்தும் குழுவில் போட்டார்கள். திரும்பவும் வயர், ஏணி, துளைப்பான். போவதற்கு முன் ஒரு பிற்பகல் என் பக்கத்தில் உட்கார்ந்து சர்வரைத் திருத்த உதவினார். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகக் கவனிக்கும்படியும், பத்து விநாடி பேசாமல் நின்றால் தொடர்பைத் துண்டித்துத் தாதியிடம் சொல்லும்படியும் மாற்றினோம். "ஒருத்தர் பேசாம நிக்கிறாருங்கிறதுக்காக, வெளிய நிக்கிறவங்க குரல் கேக்காமப் போகக் கூடாது" என்றார். சர்வரைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

அதன்பின் அவரைக் கண்டால் நான் கொஞ்சம் ஒதுங்கிப் போக ஆரம்பித்தேன். நன்றியா, வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யார் இவரைத் தியாகம் செய்யச் சொன்னது என்றுகூட மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு தீபாவளிச் சமயம் தேக்கா கடைத்தெருவில் கூட்டத்துக்கு நடுவே எதிர்ப்பட்டார். இரண்டு பேரும் உணவு நிலையத்தில் தேநீர் குடித்தோம். அன்று கேட்டேவிட்டேன்.

"ஏன்ணே அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவர் குவளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படிச் சொன்னேன்? உள்ளதத்தானே சொன்னேன்."

பெருந்தன்மையால் மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

சேவியரின் உடலை அவர் வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். செபம் முடிந்ததும் லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னப் பத்தி அடிக்கடி சொல்வாரு. கலா மட்டும் வாயத் தொறந்திருந்தா என் வேலையே போயிருக்கும்னு."

எனக்குப் புரியவில்லை. "நான் வாயத் தொறந்திருந்தாவா?"

"ஆமா. ஏதோ டைம் லிமிட்டு நீ போட்டிருந்தியாம்ல? பெட்டியெல்லாம் சும்மா சும்மா கட் ஆகுதுன்னு இவரு அத எடுத்துட்டாராம், உன்கிட்ட சொல்லாம. அதனாலதான் அந்தம்மாவுக்கு அப்படி ஆச்சுன்னு. உனக்குத் தெரிஞ்சும் நீ காட்டிக் கொடுக்கலியாம்."

"அக்கா, நான் எதுவும் போடல. போடாம விட்டது நான்தான். அவருதான் என்னைக் காப்பாத்தினாரு."

லூர்து அக்கா என்னையே பார்த்தார். "அவரு வேற மாதிரில்ல சொன்னாரு?" அதற்குள் யாரோ அழைக்க, எழுந்து போனார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு சீனப் பெண்மணி, எண்பதைத் தாண்டியவர், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இறந்தவர் என்ன உறவு என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் கேட்டேன். உறவில்லை என்றார். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் தன் வீட்டுக்கு வருவான் என்றார். பல்பு மாற்றுவான், ரேடியோ பழுதுபார்ப்பான், ஒன்றும் இல்லாவிட்டால் உட்கார்ந்துவிட்டுப் போவான். புக்கிட் பாத்தோக், நான்காம் மாடி.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நீ யார்?" என்று அவர் கேட்டார்.

"சேவியருடன் வேலை பார்த்தவள். உங்கள் வீட்டுப் பெட்டி பேசுகிற சர்வரை எழுதியது நான்தான். நீங்கள் விழுந்த அன்று அது கேட்காமல் போனது என்னால்தான்."

திருமதி லிம் கடலை உரிப்பதை நிறுத்தினார். "அவனும் முதல் நாள் வந்து இதையேதான் சொன்னான்" என்றார். "மொத்தம் எத்தனை பேர் எழுதினீர்கள்?" பிறகு ஒரு கைப்பிடி கடலையை என் கையில் வைத்து, சாப்பிடு என்று சைகை காட்டினார்.

மறுவாரம் அலுவலகத்தில் அந்தச் சர்வரின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். எந்த வரியை யார் எப்போது சேர்த்தார், யார் நீக்கினார் என்பது அதில் இருக்கும். நேரக் கட்டுப்பாடு போடும் வரி ஒன்று உண்மையில் இருந்திருக்கிறது. ஐந்து நாள் கழித்து அது நீக்கப்பட்டிருக்கிறது. சேர்த்தவர் கலா. நீக்கியவரும் கலா. ஒரே லாகின்தான் என்று சொன்னேனே. சேர்த்தது நானா, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அவரா? நீக்கியது அவரா, சோதனை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவசரப்பட்ட நானா? அன்று அந்தக் கணினி முன்னால் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவருக்கு நினைவில்லை.

மேலாளரிடம் போய், அன்று நான் பேசாமல் இருந்தது தவறு, அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு என்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "எந்தச் சர்வர்?" என்று கேட்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்குக்குப் போனேன். என் மலாய் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. திருமதி லிம் ரேடியோவைப் போட்டார். இருவரும் உட்கார்ந்து கேட்டோம். கிளம்பும்போது, சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அடுத்த வாரம் வரும்போது பார் என்றார். எனக்குக் குழாய் வேலை தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சேவியரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. விடை தெரியாத ஒரு கேள்வி. நான்காம் மாடியில் ஒரு வீட்டு எண். கேள்விக்கு விடை கிடைக்காமலே போகட்டும், அதோடு வாழ்ந்துகொள்கிறேன். இந்த ஞாயிறு குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போக வேண்டும். என்ன அளவு என்று உங்களில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.