நெரவிக் குளத்து விரால்

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் ஊரான நெரவிக்குப் போயிருந்தோம். காரணம்... ஒரு விரால் மீன்.

என் மனைவி தனத்துக்கு இது ஐந்தாவது மாதம். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. திருவேட்டக்குடியிலிருந்து தினமும் கடல் மீன் வந்து இறங்கும் காரைக்காலில் இருந்துகொண்டு, "எங்க ஊரு குளத்து விரால் மாதிரி வருமாங்க?" என்று பெருமூச்சு விடுகிறாள். நான் என்ன செய்வது?

அந்தக் குளத்து மீனை ஊரில் சாப்பிட்டே பல வருஷமாகிறது. வயலுக்கு பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடர் தூவிவிட்டு, தூவின மிஷின், சாக்கு, கை கால் எல்லாவற்றையும் அதில்தான் கழுவினார்கள். தண்ணீரில் கரைந்தால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. ஒருநாள் அங்கே தண்ணீர் குடித்த பசு நுரை தள்ளிச் செத்தது. அன்றோடு கழுவுவது நின்றது. குளிப்பதும் மீன் பிடிப்பதும்கூடத்தான். தனம் நீச்சல் கற்ற குளம் அது. கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி அவள் பேசாத வாரம் கிடையாது.

இந்த வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு கெமிஸ்ட்ரி லெக்சரர் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து பாண்டிச்சேரி லேபுக்கு அனுப்பினார். சுத்தம் என்று பதில் வந்தது. கேட்க வேண்டுமா? சித்திரையில் முழங்கால் அளவுக்கு வற்றியதும், பழைய வழக்கப்படி அந்த ஞாயிறு ஊரே இறங்கிக் குளத்தைக் கலக்கியது. சேறு கலங்கினால்தான் மூச்சு முட்டி மீன் மேலே வரும் — அடியில்லாத ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து அமுக்க வேண்டியதுதான். மச்சான் சுந்தரம், முழங்கை நீளத்துக்கு ஒரு விராலோடு வந்தார்.

"இந்தா தனம், ஆச தீரச் சாப்புடு."

தானே ஆய்ந்து, தானே குழம்பு வைத்தாள். கொதி வந்தது. புளி வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. மக்கிப்போன, மூக்கை அடைக்கிற வாசனை... டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே பவுடர்.

தனம் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அண்ணே... இத நான் சாப்புடலாமா?"

மச்சான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் குழி வெட்டினார். தனத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் லெக்சரரைக் காபிக்குக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"நாம தண்ணியத்தான சார் அனுப்புனோம், சேத்த அனுப்பலையே. அந்த மருந்து தண்ணியில நிக்காது. சேத்துல போய் ஒட்டிக்கும். அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல விடும். கலக்குனா நல்லாவே விடும். விரால் வேற சேத்துலயே கெடக்குற மீனு."

"அப்ப தூர் வாரிடலாமே?"

"வாரி எங்க கொட்டுவாங்க? நல்ல வண்டல்னு வயலுக்குத்தான் அடிப்பாங்க. மழ பேஞ்சா திரும்பக் குளத்துக்கே வந்துரும்."

அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனம் மெல்லக் கேட்டாள். "அந்தச் சேறு எப்பங்க சார் எல்லாத்தையும் விட்டு முடிக்கும்? எம்புள்ளைக்கு அதுலதான் நீச்சல் கத்துக்குடுக்கணும்னு இருந்தேன்."

லெக்சரர் காபி டம்ளரைக் கீழே வைத்து, "புஸ்தகத்துல பாக்கணும்மா" என்று எழுந்தார்.

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக... புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குப் புது ஆள் வருகிறது.