இரண்டாம் சரணத்துக்கு முன்னால்

பக்கத்து வீட்டுக் கிரேக்கர் ஒரு பாட்டை ஏறக்குறைய அறுபது வருடங்களாகக் கேட்காமல் இருந்தார். பாட்டு கிடைக்காமல் இல்லை. மெல்பேர்னில் கிரேக்கர்கள் கூடும் இடமெல்லாம் ஒரு காலத்தில் அது ஒலித்தது. யாராவது அந்த இசைத்தட்டைப் போட்டால் இவர் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அதில் கிற்றார் வாசித்திருப்பது தானா, தன் இடத்துக்கு வந்த இன்னொருவனா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம்.

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு பலகை வேலி. ஸ்பிரிங்வேலுக்கு அங்கால் ஒரு சின்னத் தெரு. நான் வந்து குடியேறியபோது அவருடைய திராட்சைக் கொடி ஏற்கெனவே வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் படர்ந்திருந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் கார் தொழிற்சாலையில் வேலை செய்து கிழண்டியவர், நான் டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் கிழண்டியவன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த இடங்கள் கற்றுத்தந்த ஆங்கிலம்தான். வினைச்சொற்களுக்குக் காலமே கிடையாது. அதை அப்படியே எழுதினால் இரண்டு பேரும் முட்டாள்கள் போலத் தெரிவோம். ஆகவே அவர் பேச்சை என் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அவர் என்னை "மேட்" என்று கூப்பிட்டதெல்லாம் இங்கே "தம்பி" ஆகிவிடும். கோபிக்க மாட்டார்.

ஆனால் இரண்டு சொற்களை மட்டும் மொழிபெயர்க்க முடியாது. கிரேக்கத்தில் "நே" என்றால் ஆம். "ஓஹி" என்றால் இல்லை. எங்கள் ஆட்களுக்கோ ஆம் என்றால் "ஓம்", அவசரத்தில் வெறும் "ஓ". ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாலும் இந்த ஒரு சொல் மட்டும் வாயை மீறி வந்துவிடும். வங்கிக்காரியிடம் தொலைபேசியில் "ஓம், ஓம்" என்று சொல்லாத யாழ்ப்பாணத்தான் எவனும் இந்த நகரத்தில் இல்லை. முதல் வருடம் என் மனைவி ஒரு தட்டில் வடை கொண்டுபோய் வேலிக்கு மேலால் நீட்டினாள். அவர் மகிழ்ச்சியோடு "நே, நே" என்றார். அது "நோ" என்று காதில் விழ, "வேண்டாமாம்" என்று இவள் தட்டோடு திரும்பி வந்துவிட்டாள். அடுத்த கிழமை அவர் தக்காளிக் கன்று வேணுமா என்று கேட்க, நான் "ஓ, ஓ" என்றேன். கன்றுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு வீடும் ஒன்றையொன்று முகம் கொடுக்காத வீடென்று நினைத்தபடி ஒரு வருடம் கழிந்தது. அவருடைய மகள்தான் வந்து சிக்கலை அவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகும் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

அவர் கராஜில் ஒரு மின்கிற்றார் தொங்கியது. இங்கே வந்த பிறகு வாங்கியது. மூட்டுவாதம் வந்த விரல்களால் அவருக்கு அதைப் பிடிக்க முடியாது. நான் இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு துள்ளிசைக் குழுவில் கிற்றார் அடித்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் என்னைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்வார். வாசித்தால் பேசுவார். பேசவைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலைதான், ஆனாலும் வருடக்கணக்கில் உரித்தால் கொஞ்சம் நார் சேரும்.

ஏதென்சில் மின்கிற்றாரை யாரும் அறியாத காலம் அது. ஒரு பழைய றேடியோவைக் கழற்றி அதிலிருந்து ஒலிபெருக்கியைச் செய்தார்களாம். புசூக்கி என்ற அவர்கள் ஊர் நரம்பு வாத்தியம் செய்கிற தச்சனைக் கெஞ்சி மின்கிற்றாருக்கு உடம்பு வெட்டிக்கொண்டார்களாம். நாலு பேர். துறைமுகத்துக்கு வருகிற அமெரிக்க மாலுமிகளிடமிருந்து இசைத்தட்டு வாங்கி, தேயும்வரை கேட்டு, சொற்களைக் கிரேக்க எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. நான் சிரித்துவிட்டேன். நாங்கள் இந்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு காதல் பொங்கப் பாடியதும் இதே கூத்துத்தான். மெல்பேர்ன் வந்து ஆங்கிலம் படிந்த பிறகுதான், தாங்கள் உருகி உருகிப் பாடிய ஒரு வரி எந்த மொழியும் இல்லை என்று அவருக்குத் தெரிந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சினிமாத் தியேட்டர்களில் கச்சேரி நடக்கும். படம் தொடங்குமுன் இரண்டு மணித்தியாலம் இளசுகள் கதிரைகளின்மேல் ஏறி நிற்கும். இவர்களை ஊர் "யே-யே" என்று பட்டம் வைத்துக் கேலி செய்தது. பாதிரியார் திட்டினார். பொலிஸ்காரன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். "அப்ப நாங்கள் சந்தோசமா இருந்தம்" என்பார் அவர். எந்தச் சாதாரணச் சொல்லையும் அவர் இதுபோல மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு அவர்களுக்கு ஒரு தட்டுப் பதிய வாய்ப்பு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணித்தியாலம். எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் டிரம் ஒரு சுற்றுச் சுற்றி முடித்த பிறகு கிற்றார் நுழைய வேண்டும். இவர் தாளத்தில் அரைத்தட்டு முந்தி நுழைந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பாட்டை முடித்தார்கள். நேரம் போய்விட்டது. திங்கட்கிழமை காலை வந்து திரும்ப அடியுங்கள் என்றான் ஒலிப்பதிவுக்காரன். சனிக்கிழமை இவருக்குக் கப்பல். தகப்பன் கையெழுத்துப் போட்டு, மெல்பேர்னில் இருந்த சிற்றப்பன் ஒழுங்கு செய்து, எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் இன்னொரு நல்ல கிற்றார்காரன் இருந்தான். திங்கட்கிழமை அவனை வைத்துத் திரும்பப் பதிந்தார்களா, இல்லை வெள்ளிக்கிழமைப் பதிவையே விட்டார்களா? தட்டு வெளிவந்து நாடு முழுக்கப் பாடியது. அந்த நாட்டில் ரொக் இசைக்கு வழி வெட்டியவர்கள் என்று இன்று சொல்கிற சில குழுக்களில் இவர்களுடையதும் ஒன்று. தட்டின் அட்டைப்படத்தில் நிற்பது மற்றவன்.

"கேட்டுப் பாத்திருக்கலாமே" என்று ஒருமுறை நான் சொன்னேன்.

"கேக்காட்டி நான் அதில இருக்கிறன், தம்பி" என்றார். "கேட்டா இல்லாமப் போயிடுவன்."

அந்த நோய் எனக்கு விளங்காததல்ல. எங்கள் குழு வானொலிக்கென்று ஒரே ஒரு பாட்டைப் பதிந்தது. அந்த ஒலிநாடா எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பதினெட்டு வயதில் நான் எப்படி வாசித்தேன் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு துண்டுச் சாட்சியும் இல்லை. சில ஞாயிறுகளில் அவருடைய கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை நினைவிலிருந்து எடுக்கப் பார்ப்பேன். பாதிக்கு மேல் வராது. அந்தப் பாட்டுக்காக நான் ஏங்கியதுபோல ஊருக்காகக்கூட ஏங்கியதில்லை. சொன்னால் என் சொந்தக்காரர் அடிக்க வருவார்கள்.

போன மாசி மாதம் அவருடைய மகள் சிட்னியிலிருந்து போன் எடுத்தாள். வீட்டை விற்று அப்பாவைத் தன்னோடு கொண்டுபோக முடிவு செய்திருந்தாள். "அப்பாவின்ர பாட்டு இன்ரநெற்றில வந்திருக்கு, அங்கிள். ஏதென்சில ஆரோ பழைய தட்டுகளைத் துடைச்சுப் போட்டிருக்கினம். உங்களுக்கு அனுப்பிறன். நீங்கள்தான் அவரோட இருந்து கேக்கவேணும். வீட்டை விக்கிறதெண்டு ஆனபிறகு, இப்ப அவரே தெரிஞ்சுகொள்ளோணும் எண்டு நிக்கிறார்." அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், "அங்கிள்" என்பது மட்டும் எங்கள் பிள்ளைகளோடு வளர்ந்து பழகியது.

ஏன் நான் என்றால், அவருடைய காது. காதுக்கருவி போட்டால் பேச்சு ஓரளவு விழும். இசை கேட்டால் தகரப் பேணிக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி இருக்குமாம். அறுபது வருடம் ஓடி ஒளித்த மனிதர் கேட்கத் துணிந்தபோது காது போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஞாயிறு பின்னேரம் கராஜில் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தோம். சுவரெல்லாம் வெறுமை; சாமான்கள் பெட்டிகளுக்குள் போயிருந்தன, கிற்றார் மட்டும் வெளியே இருந்தது. அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டுப் போட்டிருந்தார். என் போனை மேசையில் வைத்தார். "கிற்றார் முந்தி வந்தா நான்" என்றார். "பிந்தி வந்தா அவன். வேற ஒண்டும் சொல்லவேண்டாம்."

உண்மையைச் சொல்கிறேன்: அழுத்துவதற்கு முன்பே நான் முடிவெடுத்துவிட்டேன். எது வந்தாலும் ஆம் என்றுதான் சொல்லப்போகிறேன். எண்பதை எட்டுகிற மனிதனுக்கு இனி உண்மையால் என்ன பிரயோசனம்?

பாட்டு தொடங்கியது. பெருக்கி இரைகிறது, பாடுகிறவன் பொருள் தெரியாத ஆங்கிலத்தில் உயிரை விடுகிறான். முதல் சரணம் முடிந்தது. டிரம் சுற்றத் தொடங்கியது. கிற்றார் பாய்ந்துகொண்டு உள்ளே வந்தது. அரைத்தட்டு முந்தி, வாசல் திறக்குமுன் முட்டிக்கொண்டு வருகிற ஆளைப்போல. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம்கூட இருந்தது.

நான் எழும்பிவிட்டேன். "ஓம்!" என்று கத்தினேன். "ஓ! ஓ!"

அவர் முகம் அப்படியே இறங்கியது. எதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைக்க இரண்டு நொடி ஆனது. "நே! நே!" என்று அவசரமாகத் திருத்தினேன். "நீங்கள்தான்! முந்தித்தான் வருது!"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ நல்ல மனுசன், தம்பி" என்றார். "முதல் வந்ததுதான் உண்மை. பிறகு சொல்லுறது இரக்கம்."

திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தியம் செய்தேன். சொல்லச் சொல்லப் பொய்யாகவே ஒலித்தது. பொய் சொல்லத் தயாராக வந்தவனின் முகத்தில் உண்மை ஒட்டாது என்பதை அன்று அறிந்துகொண்டேன். அவர் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். இனி என்ன கத்தினாலும் பயனில்லை.

நான் போனைக் காதோடு வைத்து அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு தரம் கேட்டேன். பிறகு கிற்றாரை எடுத்து, அவர் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, கேட்டதை அப்படியே வாசித்தேன். முந்தி நுழைவது மட்டுமல்ல. நுழைந்த அவசரத்தில் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. அதை மறைக்க வாசித்தவன் சரியான கட்டத்துக்கு வழுக்கிக்கொண்டே போயிருக்கிறான். போகிற வழியில் கீழ்த் தந்தி ஒன்று தெரியாமல் தட்டுப்பட்டு முனகுகிறது. எல்லாவற்றையும் வாசித்தேன்.

அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டிக் கிற்றாரின் மரத்தில் வைத்தார். "திருப்பி" என்றார். வாசித்தேன். "திருப்பி." மூன்றாம் தரம் விரல் வழுக்கியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இதை நான் உனக்குச் சொல்லேல்லை" என்றார். "வழுக்கினதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எனக்குப் பொறாமை வந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஒரு மனிதனுடைய இருபது வயதுப் பிழை பழுதில்லாமல் திரும்பி வந்திருக்கிறது. என்னுடையது ஒரு நல்ல சுரம்கூட வராது.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, "திங்கட்கிழமை அவங்களுக்கு நேரம் இருந்தது" என்றார். "நல்லா அடிக்கிற ஆளும் இருந்தவன். எண்டாலும் என்னை வைச்சிருந்திருக்கிறாங்கள்." பிறகு சொன்னார்: "நான் இஞ்ச வந்து மூண்டு மாசத்தால அவங்களிட்டை இருந்து ஒரு கடிதம் வந்தது. மூண்டு பேரின்ர கையெழுத்தும் கவருக்கு மேல இருந்தது. உன்னை எடுத்துப்போட்டு மற்றவனைப் போட்டம் எண்டு எழுதியிருப்பாங்கள் எண்டு நினைச்சுப் பிரிக்காமலே எரிச்சுப்போட்டன். பிறகும் ரெண்டு வந்தது. அதையும் எரிச்சன். பிறகு வரேல்லை."

இப்போது அவர்களில் யார் இருக்கிறார்கள் என்று விரலால் சைகை காட்டிக் கேட்டேன். ஒருவரும் இல்லை என்று கையை விரித்தார். கடைசி ஆள் போனது போன வருடமாம்.

பிறகு போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையில் அந்தப் பாட்டின் பழைய அட்டைப்படம் இருந்தது. அதைப் பார்த்துக் கிரேக்கத்தில் பேசத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு சண்டை பிடிப்பதுபோல, பிறகு கெஞ்சுவதுபோல, நெடுநேரம் பேசினார். எனக்கு அதில் மூன்று பெயர்கள் மட்டும்தான் விளங்கின. அவர் பேசி முடிக்கும்வரை திரை அணைந்துவிடாமல் நான் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன்.