மூடிய கம்பெனியின் லேண்ட்லைன்

கம்பெனி மூடிய பிறகு ஒருநாள் ஆபீஸ் படிக்கட்டில் கூடியவர்கள் ரோஸ்லின், டில்லிபாபு, நான், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். வராதவர்கள் இருவர். எம்.டி. வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். எச்.ஆர். மேனேஜர் ஜெயஸ்ரீ மேடம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய மொபைல் ஸ்விட்ச் ஆஃப்.

1

சிறுசேரி ஐ.டி. பார்க்குக்கு வெளியே, மெயின் ரோட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொபைல் போனுக்கு வீடியோ கேம் செய்வது தொழில். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த அடுத்த சில மாதங்களில் ஆர்டர் நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் வேலைநீக்கக் கடிதத்தோடு ஆளுக்கொரு கவர் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

நான் டெஸ்டர். ஒரே கேமை நூறு மாடல் போனில் ஆடிப் பார்த்து, எதில் ஹேங் ஆகிறது, எதில் சத்தம் வரவில்லை என்று எழுதித் தருவது என் வேலை. அச்சரப்பாக்கம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் என் அப்பா இதை ஒருநாளும் நம்பவில்லை. “ஆடுறதுக்கா சம்பளம் தரான்? நல்லா விசாரிடா” என்பார்.

டில்லிபாபு ஆர்ட்டிஸ்ட், திருக்கழுக்குன்றத்துக்காரர். எங்கள் கிரிக்கெட் கேமில் கேலரியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் முழுக்க அவர் தெருக்காரர்களின் முகம்தான். ரோஸ்லின் புரோகிராமர். அவருக்கு மட்டும் விசாரணை எதுவும் இல்லாமல் உடனே பார்க்குக்குள் வேலை கிடைத்தது. அதன் பிறகும் எங்களை விடவில்லை. நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லோருடைய ரெஸ்யூமையும் திருத்தி அனுப்புவேன். அவர் லஞ்ச் நேரத்தில் அவற்றைத் தெரிந்த கம்பெனிகளில் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்படித்தான் நாங்கள் இருவரும் மற்றவர்களுக்கு வேலை தேடும் ஆட்களானோம்.

ஆஃபர்கள் வரத்தான் செய்தன. வெரிஃபிகேஷனில் போய் நின்றன. புதிய கம்பெனி, நாம் சொல்லும் அனுபவம் உண்மையா என்று ஒரு ஏஜென்சியை வைத்து விசாரிக்கும். ஏஜென்சி பழைய கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் உள்ள லேண்ட்லைனுக்குத்தான் கூப்பிடும். மொபைல் நம்பரை ஏற்காது. போலி அனுபவச் சான்றிதழ் அவ்வளவு புழங்கிய காலம் அது. எங்கள் லேண்ட்லைனோ காலி ஆபீசில் அடித்து அடித்து ஓய்ந்தது.

டில்லிபாபுவின் இரண்டு ஆஃபர்கள் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று திரும்பிப் போயிருந்தன. மூன்றாவது வந்திருந்தது. அதுவும் போனால் போலி ஆட்கள் பட்டியலில் பெயர் ஏறிவிடும், அப்புறம் எந்தக் கம்பெனியும் தொடாது என்று பேச்சு. அப்படி ஒரு பட்டியல் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று எல்லோரும் நம்பினோம்.

“அப்ப நாலு வருசமா நான் எங்க இருந்தேன்? ஜெயில்லயா?” என்றார் டில்லிபாபு, படிக்கட்டில் கூடிய அன்று.

“யாராவது ஒருத்தர் உள்ள உக்காந்து போன எடுத்தா போதும். நான்தான் எச்.ஆர்.னு சொல்லிட்டா முடிஞ்சுது” என்றார் ரோஸ்லின். நிலுவையிலிருந்த போன் பில்லையும் அவரே கட்டிவிட்டு வந்திருந்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத்தான் இன்டர்வியூ எதுவும் இல்லை.

2

சாவி வாட்ச்மேன் கன்னியப்பனிடம் இருந்தது.

“பில்டிங் ஓனர் வந்தாருன்னா நான் உன்ன பாத்ததே இல்ல. நீயா ஜன்னலு வழியா ஏறி பூந்துகினன்னு சொல்லிடுவேன்.”

“ரெண்டாவது மாடிக்கா அண்ணாத்த?”

“அத போலீஸ்காரன் கேட்டுக்குவான்.”

உள்ளே மேஜை, நாற்காலி எதுவும் இல்லை. டெஸ்டிங் போன்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சிவப்பு லேண்ட்லைன் மட்டும் தரையில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். லிஃப்ட் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். ஒருநாள் ஓனர் வாடகைக்குக் கேட்டு வந்த யாரோ பார்ட்டிக்கு மாடியைக் காட்ட வந்துவிட்டார். வயரைக் கழற்றத் தோன்றாமல் போனை வயரோடு தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய், அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். எந்த போனுக்காகக் காத்திருந்தேனோ, அது அப்போது அடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை அடித்தது.

“வெரிஃபிகேஷன்லேர்ந்து பாலாஜி பேசறேன். டில்லிபாபு விஷயமா. நீங்க எச்.ஆரா?”

‘ஆமாம்’ என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பயம்தான். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என் பெயர் ஒரு தப்பான காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள எனக்கு ஆள் கிடையாது.

“இல்ல சார். நான் இங்க டெஸ்டர். கம்பெனி மூடியாச்சு.”

“மூடியாச்சா? அப்ப நீங்க அங்க இன்னா பண்றீங்க?”

“உங்க போனுக்காகத்தான் சார் உக்காந்திருக்கேன்.”

“இத நான் எப்படிங்க ரிப்போர்ட்ல எழுதறது? எச்.ஆர். பேசணும். இதே நம்பர்லதான் பேசணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் க்ளோஸ் பண்ணாம வெக்கிறேன். அப்பாலிக்கு என் கையில இல்ல.”

டில்லிபாபுவிடம் சொன்னேன்.

“இன்னா மச்சான், உன்ன போன் எடுக்கச் சொன்னா வாக்குமூலம் குடுத்துட்டு வந்துகிற.”

3

ஜெயஸ்ரீ மேடத்தின் அம்மா வீடு செங்கல்பட்டில், ஏரிக்கரைப் பக்கம் என்று கன்னியப்பனுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்கு ஆபீஸ் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். நானும் டில்லிபாபுவும் போனோம். மேடம் கிரில் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

“எதுக்கு வந்தீங்க? என்கிட்ட சம்பள பாக்கி குடுக்கப் பணம் இல்ல. போன்ல திட்டினவங்க எல்லாம் திட்டியாச்சு. வீட்டுக்கும் வந்துட்டீங்களா?”

“பணத்துக்கு வரல மேடம்” என்றார் டில்லிபாபு. “ஒரே ஒரு போன் எடுக்கணும்.”

விஷயத்தைச் சொன்னோம். மேடத்தின் கை கிரில்லை விடவே இல்லை.

“அத்தனை லெட்டர்லயும் என் கையெழுத்துதான் இருக்கு. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா என்னைத்தான் இழுப்பாங்க. அந்த பில்டிங் பக்கமே நான் வரமாட்டேன்.” பிறகு குரல் இறங்கி, “எல்லாருக்கும் டைப் பண்ணி முடிச்சதும் எம்.டி. என்ன சொன்னார் தெரியுமா? கடைசியா உங்க பேருக்கும் ஒண்ணு அடிச்சுக்குங்கன்னார். என்னைப் பத்தி ஒருத்தர் விசாரிச்சா யாரு பேசுவா?”

டில்லிபாபு, “நாங்க பேசறோம் மேடம்” என்றார். எங்கள் பேச்சு செல்லாது என்பது மூவருக்கும் தெரியும். பஸ் ஏறினோம்.

4

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடம் படியேறி வந்தார். “நாங்க பேசறோம்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் வந்தேன்” என்று ஹேண்ட்பேகை மடியில் இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை போன் அடிக்கவில்லை. டயல் டோன் இருக்கிறதா என்று நான் ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

“எடுக்காதீங்க ஏழுமலை. அந்த நேரம் பாத்துத்தான் அவர் பண்ணுவாரு, எங்கேஜ்டுன்னு வரும்.”

டில்லிபாபு உள்ளே வரவே இல்லை. படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு மேல் அடித்தது. மேடம் எடுத்தார்.

“கம்பெனி இப்ப இல்லைங்க. இருந்தப்ப நான் எச்.ஆர். மேனேஜர். டில்லிபாபு நாலு வருஷம் இங்க வேலை பாத்தாரு. சீனியர் ஆர்ட்டிஸ்ட். என்ன கேட்டீங்க, திருப்பி வேலைக்கு எடுப்பீங்களாவா? கம்பெனி இருந்தா எடுப்பேங்க.”

டில்லிபாபு திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். அதன் பிறகு ஆஃபர் வந்தவர் தகவல் சொன்னால் மேடம் பஸ் ஏறி வருவார். ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள். பெரும்பாலும் கூப்பிட்டது அதே பாலாஜிதான்.

கடைசியில் மேடத்துக்கே ஒரு ஆஃபர் வந்தது. “என்னை நானே வெரிஃபை பண்ண முடியாது” என்று சொல்லி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். போனை நான் எடுத்தேன்.

“எச்.ஆர். மேடமா?”

“இல்ல சார். டெஸ்டர்.”

“நீங்களா? ஜெயஸ்ரீன்னு ஒருத்தங்க, அங்க எச்.ஆர். மேனேஜரா இருந்ததா போட்டிருக்காங்க. எச்.ஆர்.கிட்ட குடுங்க, கேக்கணும்.”

“அவங்கதான் சார் எச்.ஆர்.”

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. “இவ்ளோ நாளா என்கிட்ட பேசினவங்களா?”

“ஆமா சார்.”

“அவங்க எச்.ஆர்.தான்னு உறுதி இல்லைன்னு நான் எழுதினா, அவங்க சொல்லி நான் பாஸ் பண்ண அத்தன பேரும் இன்னா ஆவாங்க?”

டில்லிபாபுவிலிருந்து ஒவ்வொரு முகமாக வந்து போனது. “தெரியல சார்” என்றேன்.

“எனக்குத் தெரியும். மொதல்ல எனக்கு வேலை போவும்.” மூச்சு விட்டார். “மொத தபா கேட்டப்பவே நீங்க எச்.ஆர். இல்லைன்னு சொன்னீங்க. அன்னிக்கு ஆமான்னிருந்தா, அதுக்கப்புறம் வந்த மேடத்த நான் நம்பியிருக்க மாட்டேன். க்ளியர் போட்டுடறேன். அந்த கனெக்‌ஷன சரண்டர் பண்ணிடுங்க. பில்லு ஏறிகினே இருக்கும்.”

மேடத்திடம் சொன்னேன். சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டிலிருந்து வயரை அவரே கழற்றினார்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். கம்பெனி மூடுகிற அன்று வேலை பார்த்ததற்குச் சான்றான ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்கிவிட்டு வெளியே வாருங்கள். உங்களுக்கு அந்தக் கவரை நீட்டுகிறவருக்கும் இன்னொரு கவர் இருக்கலாம், அதை மறக்காதீர்கள்.

போன் பில், கன்னியப்பனின் டீ, நாஸ்தா, மேடத்தின் பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து ரோஸ்லின் தலைக்கு முந்நூற்றுப் பத்து என்று பிரித்தார். இரண்டு பேர் இன்னும் தரவில்லை. நாங்கள் எல்லோரும் அந்த ஆபீசில் வேலை பார்த்தோம் என்பது உண்மையாவதற்கு ஆன மொத்தச் செலவு, நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.