பூஜை போட்ட கார்புரேட்டர்

என் வீட்டுக்காரர் மனோகருக்கு வேலை தெரியாது என்று, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் நந்திதுர்க் லைனில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்புரேட்டரையும் குக்கரையும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியாததெல்லாம் சொல்கிறது! அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் என் மாமனார் ராஜேந்திரன். வயிற்றெரிச்சலே அதுதான்.

மாமா சுரங்கத்தில் ட்ரில்லிங் மிஷின் பிடித்தவர். அந்தப் பாறைத்தூசி நுரையீரலில் படிந்துபோய், சட்டை மாட்டுவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்துவிடுவார். மகனோ பெங்களூரில் ரேஸ் கார் மெக்கானிக். விடியுமுன் ரயில் ஏறினால், பங்காருபேட்டை தாண்டி வீடு வந்து சேரும்போது அப்பா தூங்கியிருப்பார். ஊரிலேயே ஒரு ஒர்க்ஷாப், அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்கு வழி வந்தது இவருடைய முதலாளியான ஆஸ்டின் வாங்கிய பழைய ஜப்பான் காரில். ரோட்டரி எஞ்சின். அதில் பிஸ்டன் கிடையாதாம். முக்கோணமாக ஒரு ரோட்டர் சுற்றுமாம், அதன் முனைகளில் மெல்லிய சீல்கள் இருக்குமாம். இவர் சாப்பாட்டுத் தட்டில் இட்லியைக் கிள்ளி முக்கோணமாக வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம்.

“பெரிய கார்புரேட்டர் போட்டா எவ்ளோ பவர் ஏறும்?” என்று ஆஸ்டின் கேட்டாராம்.

“அது மட்டும்னா எட்டு, ஒம்போது ஹெச்.பி. தான் சார். வாயப் பெருசாக்கிட்டு மூக்க அடைச்சா இன்னா பிரயோஜனம்? சைலன்சர் பைப்பையும் மாத்தணும்.”

இரண்டையும் மாற்றினார். சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு பலத்தை அளக்கும் மிஷினில் தொண்ணூற்றைந்தாக இருந்தது நூற்றிருபத்தெட்டில் போய் நின்றது. ஆஸ்டின் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். “இந்த ரேஸ்ல வண்டி நல்லா ஓடட்டும் மனோகர். உங்க ஊர்லயே, ராபர்ட்சன்பேட்டையில ஒர்க்ஷாப் போடறோம். நீதான் பார்த்துக்கற.”

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைச் சரிபார்க்க, காலி ரோடு இருக்கிறதென்று இவர் காரை இங்கே ஓட்டிவந்து ஒரு வாரம் வைத்திருந்தார். அந்த வாரம் முழுக்க மாமா கட்டிலை வாசலுக்குப் போடச் சொல்லி, காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் சிரித்த முகத்தை நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து கண்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. “சுரங்கத்துல ஆள எறக்கற கேஜ் இழுக்கிற மிஷினுக்கே வருஷா வருஷம் பூஜ போட்டவன்டா நானு. இதுக்கும் நான்தான் போடுவேன்” என்றார் மாமா. அப்பா பார்க்கட்டும் என்று இவர் பானட்டைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குக் காற்றை இழுக்க வானத்தைப் பார்த்து இருந்த கார்புரேட்டரின் பளபளப்பான வாய்களைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் மாமா பூஜையை முடித்துவிட்டார். கை நடுக்கம் வேறு. பொட்டு, பூ, அட்சதை, பாக்கு, எல்லாம் அந்த வாய்களின் மேலேயே, பாதி உள்ளேயும்.

உள்ளே விழுந்ததை எடுக்கக் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்று இவர் ஸ்பேனரை எடுக்கப் போனார்.

“டேய்! பூஜையில வெச்ச சாமான இன்னிக்கித் தொடுவியா? அறிவு கீதா ஒனக்கு?” கத்திய கத்தலில் மாமாவுக்கு இருமல் வந்து, உதடு நீலமாகிவிட்டது. இவர் ஸ்பேனரை வைத்துவிட்டு ஓடிப்போய் நெஞ்சைத் தடவினார். அப்புறம் விரல் எட்டினவரைக்கும் பூவையும் அரிசியையும் பொறுக்கி எடுத்து, எல்லாம் வந்துவிட்டதென்று நம்பி ஃபில்டரை மாட்டினார். மதியமே ஆஸ்டின் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ரேஸ்.

மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. ரேஸில் முழுசாக மிதித்ததும் உள்ளே கிடந்தது எஞ்சினுக்குள் போய்விட்டது. சீல் உடைந்து, ரோட்டர் கீறி, கார் நடு வழியில் புகைந்து நின்றது. இவர் பிரித்துப் பார்த்தபோது பாக்குச் சில்லு கிடைத்ததாம். யாருக்கும் காட்டாமல் தூர எறிந்துவிட்டு வந்தார்.

“எப்படிடா ஆச்சு?” என்று ஆஸ்டின் கேட்டதற்கு, “என் தப்புதான் சார். பெட்ரோல் கம்மியா போறமாதிரி ஜெட் வெச்சுட்டேன். சூடேறி ஒடஞ்சிடுச்சு” என்றிருக்கிறார்.

வேலை போயிற்று. பேச்சு பரவி, வேறெந்த கராஜும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது அதே ரயிலில் போய் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக நிற்கிறார். காரைத் திறந்த கை, கேட்டைத் திறக்கிறது.

மாமாவோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எம்மவன் ஜெட்டு கூட வைக்கத் தெரியாத மெக்கானிக்கு” என்று மூச்சிரைக்க மூச்சிரைக்கச் சொன்னார். ஒருநாள் பொறுக்காமல், உண்மையைப் போட்டு உடைக்க நான் வாசலுக்குப் போனேன். இவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“லதா, வாய மூடு. சுரங்கத்துல எல்லாத்தையும் உட்டுட்டு வந்த மனுஷன். மிச்சம் இருக்கற மூச்சையும் நீ புடுங்காத.”

“ஒங்க பேரு போவுதேங்க!”

“போவட்டும்.”

தை மாதம் மாமா படுத்த படுக்கையானார். கடைசியில் மகனைக் கிட்டே கூப்பிட்டார். ஆசீர்வாதம் பண்ணத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் நினைத்தேன்.

“என் கையால பூஜ போட்டு அனுப்பினேன். அதையும் கெடுத்துட்டியேடா, பாவி.”

இவர் துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். “ஆமாம்பா. கெடுத்துட்டேன்” என்றார்.

அன்று ராத்திரியே மாமா போய்விட்டார். அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் அவருக்குக் கொள்ளி வைத்தார்.