மீட்டரை மறித்த ஆர்லீன்

பில் கட்ட வசதியில்லாதவர்களின் வீட்டில் குளிர்காலத்தில் கரண்ட்டை வெட்டக் கூடாது என்பது எங்கள் பென்சில்வேனியாவில் விதி. ஏப்ரல் பிறந்ததும் மின் கம்பெனி வண்டிகள் தெருத்தெருவாகக் கிளம்பிவிடும்.

ஆர்லீன் ப்ருசாக் இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவருடைய தங்கை ஜூனுக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஓடினால்தான் மூச்சு. நோயாளி வீட்டில் இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், முப்பது நாள் கம்பெனி கை வைக்க முடியாது. அதை எங்கள் கிளினிக்கிலிருந்து வியாழக்கிழமையே ஃபேக்ஸில் அனுப்பியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்லீனின் போன்.

"வெட்ட வந்து நிக்கறான். பேப்பரே வரலைங்கறான்!"

கோப்பைப் புரட்டியதும் புரிந்துவிட்டது. இந்த ஊரில் அப்பா இறந்து பத்து வருஷமானாலும் மின் கணக்கு அவர் பெயரிலேயே கிடக்கும். மாற்றப் போனால் முன்பணம் கேட்பார்கள் என்ற பயம். அது தெரிந்திருந்தும் நான் ஜூன் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். கோப்போடு நாலு தெரு ஓடினேன்.

மீட்டருக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆர்லீன். எதிரே கம்பெனி ஊழியன் டிராய்.

"கொஞ்சம் நகருங்க மிஸ் ஆர்லீன். எனக்கு மட்டும் ஆசையா?"

"மூணாங்கிளாஸ்ல என் பஸ்ஸுல வாந்தி எடுத்தியே, தொடச்சது யாருடா?"

"ஐயோ, அதை இப்ப எதுக்கு இழுக்கறீங்க?"

"சரி, இழுக்கல. உள்ள வா. உன் மூச்ச நிறுத்த வந்திருக்கேன்னு என் தங்கச்சி மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அப்புறம் நகர்றேன்."

"கம்ப்யூட்டர்ல சான்றிதழ் இல்லையே!"

"கம்ப்யூட்டருக்கா மூச்சு வாங்குது?"

நான் குறுக்கே புகுந்தேன். "தப்பு என்னோடதுங்க. கணக்கு அவங்க அப்பா ஸ்டான்லி பேர்ல இருக்கு. நான் ஜூன் பேர்ல அனுப்பிட்டேன். விலாசம் ஒண்ணுதான், பாருங்க."

டிராய் பார்த்தான். கம்பெனியைப் போனில் கூப்பிட்டு ஜூன் பெயரைத் தேடச் சொன்னான். ஜன்னல் வழியே இயந்திரத்தின் தடதடப்பு கேட்டது. ஆர்லீன் அசையவில்லை.

"இருக்காம்," என்றான் கடைசியில். "எந்தக் கணக்குலயும் சேராம ஓரமா கெடந்துச்சாம். இப்ப சேத்துட்டாங்க. அப்பா பேர இனிமேலாவது மாத்திருங்களேன்."

"முன்பணம் கேக்க மாட்டோம்னு உன் முதலாளிய எழுதித் தரச் சொல்லு. மாத்தறேன்."

"முப்பது நாள்ல என்னைத்தான் திரும்ப அனுப்புவாங்க."

"வா. அடுத்த சான்றிதழோட இங்கயே உக்காந்திருப்பேன்."

டிராய் சிரித்துவிட்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஆர்லீன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.