பதினேழாம் தொட்டிலின் எடை

"மூண்டு கிழமை லீவு கிடைச்சால் ஆக்கள் ஸ்பெயினுக்குப் போவினம். நீர் சீனாவுக்குப் போறீர், அதுவும் அநாதை விடுதிக்கு. உமக்கென்ன விசரோ?"

லண்டனின் சட்டன் பகுதியில் உள்ள வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நீலவேணி, கணவர் சபாரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவள் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவள்.

"அவங்க பாஷை எனக்குத் தெரியுங்க. அந்த டீம்ல வேற யாருக்குத் தெரியும்?"

ஈப்போவில் நீலவேணியின் வீட்டுக்கு இரு பக்கமும் சீனக் குடும்பங்கள். தமிழோடு சேர்ந்தே கண்டனீஸ் என்ற தென்சீன மொழியும் அவள் நாவில் ஏறிவிட்டது. இருபது வயதில் நர்ஸ் படிப்புக்கு லண்டன் வந்தவள், இருபத்தைந்து வருடமாகக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தாள். சீன விடுதிகளுக்குத் தொண்டர்களை அழைத்துப்போகும் கத்தரின் என்ற ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், இந்தத் தமிழ்ப் பெண் மடமடவென்று கண்டனீஸ் பேசுவதைக் கேட்டு உடனே அவளைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டாள்.

அது 1994, மார்ச் மாதம். குவாங்டோங் மாகாணத்தின் அந்தச் சிறு நகரத்தில் எங்கு பார்த்தாலும் கிரேன்கள், தோண்டிப் போட்ட தெருக்கள், புதிது புதிதாகத் தொழிற்சாலைகள். விடுதியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் ஒவ்வொருவராகத் தொழிற்சாலைச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். முப்பத்தொரு தொட்டில்களுக்கு எஞ்சியவர்கள் மூன்று பேர். அவர்களுக்குத் தலைவி லியாங், ஐம்பதைத் தாண்டியவள், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. மடித்த துணியில் பால்புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள். உறிஞ்சத் தெரிந்த குழந்தை பிழைக்கும்.

பதினேழாம் தொட்டிலில் கிடந்த நான்கு மாதப் பெண்ணுக்கு உறிஞ்ச முடியாது. மேலுதடும் அண்ணமும் பிறவியிலேயே பிளந்திருந்தன. எடை மூன்று கிலோ தொள்ளாயிரம் கிராம். நீலவேணி வந்த இருபதாம் நாள் லண்டனிலிருந்து அறுவைச் சிகிச்சைக் குழு வருகிறது. நாலரைக் கிலோ இருந்தால்தான் கத்தி வைப்பார்கள். தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் வரை அந்தச் சின்ன உயிர் தாங்குமா?

"அதைத் தொடாதே," என்றாள் லியாங். "அது பிழைக்காது. எத்தனை பார்த்துட்டேன்!"

"நான் குடுத்துப் பார்க்கிறேன் அக்கா."

"நீ மூணு வாரத்துல பிளேன் ஏறிடுவே. அப்புறம் ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் யார் உட்காருவா? பழக்கிட்டுப் போறது பாவம் இல்லையா?"

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. ஆனாலும் நீலவேணி விடவில்லை. டீஸ்பூனால் ஊட்டிப் பார்த்தாள். பாதிப் பால் கழுத்தில் வழிந்தது, மீதி மூக்கு வழியே வந்தது. குழந்தை நீலம் பாரித்துத் திணற, அவள் கண்ணீரோடு தூக்கித் தட்டினாள்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு மேசையில் சூப் வைத்தார்கள். சீனர்களுடைய பீங்கான் கரண்டி. சிறு வயது முதல் பார்த்ததுதான். அன்றுதான் அதன் கைப்பிடியைக் கவனித்தாள். நுனி வரை வாய்க்கால்போல் குழிந்திருந்தது. கரண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்தால், சூப் அந்த வழியே மெல்லிய தாரையாக இறங்கியது. அட, இது நம்ம பால் சங்கு அல்லவா! அம்மா தம்பிகளுக்கெல்லாம் பாலூட்டிய சங்கின் மூக்கு இப்படித்தானே இருந்தது!

சூப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தரையில் அமர்ந்து, முழங்காலை உயர்த்தி, குழந்தையைக் காலில் சாய்த்து, கொதிநீரில் கழுவிய கரண்டியின் பிடியை உதட்டில் வைத்தாள். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. தொண்டை அசைந்தது!

"லண்டன் நர்ஸுக்கு நாற்காலி கூடக் கிடைக்கலியா?" என்று லியாங் கேலி செய்தாள். ஆனால் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நாளுக்கு முப்பத்தைந்து கிராம், சில நாள் நாற்பத்தைந்து. பதினான்காம் நாள் நீலவேணிக்குக் காய்ச்சல் அடித்தது. குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று கத்தரின் அவளை அறையை விட்டு வெளியே விடவில்லை. மூன்று நாள்! படுக்கையில் புரண்டு, ஏறிய எடையெல்லாம் இறங்குகிறதே என்று தலையணை நனைய அழுதாள்.

பதினேழாம் நாள் காலை தள்ளாடியபடி வார்டுக்குள் நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

லியாங் தரையில் அமர்ந்திருந்தாள். முழங்கால் உயர்ந்திருந்தது. கையில் பீங்கான் கரண்டி.

"என்ன முறைக்கிறே?" என்றாள் லியாங். "இடது கன்னத்துப் பக்கமா ஊத்தணும். பிளவு வலது பக்கம் பெருசு. நீ நடுவுல ஊத்துறே, அதான் மூக்குல வருது. இருபத்தஞ்சு வருஷ நர்ஸாம்! இப்ப இருபது நிமிஷத்துல முடிஞ்சுடுது."

நீலவேணி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தன.

இருபதாம் நாள், நாலு கிலோ ஐந்நூற்று நாற்பது கிராம். கத்தரின் நம்பாமல் இரண்டாம் முறை எடை பார்த்தாள். முள் அசையவில்லை. "பேரை எழுது, முதல் பேரா எழுது!" என்று லியாங் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தொட்டில்கள் எல்லாம் அழுதன. அன்று மாலையே உதடு தைக்கப்பட்டது.

லண்டன் திரும்பிய வெள்ளிக்கிழமை, விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வாசலில் சபாரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நண்பர் தியாகராஜாவைப் பிடித்துக்கொண்டார். "என்ர மனுசி தனிய நிண்டு ஒரு பிள்ளையைக் காப்பாத்திப்போட்டு வந்திருக்கிறா, தெரியுமோ அண்ணை?"

நீலவேணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் குறுக்கிட்டாள்.

"தனியா இல்லீங்க. முப்பத்தொரு தொட்டிலை வச்சுக்கிட்டு ஒருத்தி அங்க நிக்கிறா. ஃபேக்டரிக்குப் போயிருந்தா மூணு மடங்கு சம்பளம். போகல. நான் படுத்த மூணு நாளும் அவதான் ஊட்டினா, இப்பவும் ஊட்டிக்கிட்டு இருப்பா. அவ பேரு லியாங். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சபாரத்தினம் மறுபடியும் தியாகராஜாவின் பக்கம் திரும்பினார்.

"ஓம், அதுவும் சரிதான். அண்ணை, இனி முதலிலயிருந்து சொல்லுறன், கேளுங்கோ. லியாங் எண்டு ஒரு மனுசி..."