என் எலும்பின் உண்மையான அளவை அம்மன் காட்டினாள்

புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. என் கணவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கினேன். முதுகில் டக்கென்று ஒரு சத்தம். காய்ந்த குச்சி ஒடிவது போல. அவர் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்துவிட்டார். நான் அப்படியே தரையில் சரிந்தேன்.

எழ முடியவில்லை. மூச்சு இழுத்தாலே வலித்தது. அவர் மேலே இருந்து "கமலா, கமலா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும். அன்று என் பெயர் மட்டும் தெளிவாக வந்தது. கைப்பேசி அடுப்படியில் இருந்தது. அவரால் இறங்க முடியாது, என்னால் எழ முடியாது. இரண்டு பேரும் அழுதோம்.

சனிக்கிழமைகளில் மணியம் அண்ணன் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். என் கணவரோடு போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கும். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

சகோதரிகளே, நான் கிள்ளானில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். மூன்றாம் படிவம் வரைதான் படித்தேன். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்களில் பலருக்கு என் குரலே தெரியாது. எனக்கு நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் குழுத் தலைவி மூன்று முறை கேட்டார்கள். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு எட்டு மாதம் முன்பு, தை மாதத்தில், என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சின்ன வழுக்கல்தான். எலும்பு உள்ளே மெலிந்து போயிருந்ததாம். எனக்கு நாற்பத்தைந்து வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. அதைக் கேட்ட கிளினிக் டாக்டர், "நீங்களும் எலும்பு அடர்த்தியை அளந்து பார்த்துடுங்க. தினமும் ஆளைத் தூக்குறீங்க, வெளையாட்டு இல்ல" என்று கடிதம் எழுதித் தந்தார்.

கொமியூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஒரு தனியார் பரிசோதனை நிலையம். பயப்பட ஒன்றுமில்லை. மேசை மாதிரி ஒரு படுக்கையில் படுக்க வேண்டும். மேலே ஒரு கை போன்ற கருவி மெல்ல நகர்ந்து போகும். ஊசி இல்லை, வலி இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம்.

படுக்கும் முன் அங்கிருந்த பெண் கேட்டாள்: "ஆன்டி, இடுப்புல, முதுகுல ஏதாவது உலோகம் இருக்கா? பின், கொக்கி, செயின் ஏதாச்சும்?"

"இல்லம்மா" என்றேன்.

இருந்தது. என் இடுப்பில், கறுப்புக் கயிற்றில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளித் தாயத்து இருந்தது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நினைவில்லாமல் கிடந்தபோது ஒரு பூசாரி மந்திரித்துக் கட்டியது. "இது உன் புருஷன் உயிருக்குக் காப்பு. யார் கண்ணுலயும் படக்கூடாது" என்று சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் என் கணவர் கண் திறந்தார். அதிலிருந்து நான் அதைக் கழற்றியதே இல்லை. என் அக்காவுக்குக்கூடத் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் உடுப்பை விலக்கி அதை எப்படிக் காட்டுவேன்? இல்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

முடிவு வந்தது. தொடை எலும்பு கொஞ்சம் மெலிவு, முதுகெலும்பு நன்றாக இருக்கிறது என்று போட்டிருந்தது. பால், நெத்திலி, கீரை சாப்பிடுங்கள், இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அம்மனுக்கு மாவிளக்கு போட்டேன். பயம் விட்டுப் போனது. முன்பு மணியம் அண்ணன் இருந்தால் அவரை ஒரு கை பிடிக்கச் சொல்வேன். அதன் பிறகு என் கணவரை நானே தனியாகத் தூக்க ஆரம்பித்தேன். எட்டு மாதம் அப்படித்தான் தூக்கினேன்.

நான் விழுந்த அன்று மணியம் அண்ணன் என்னைக் கொண்டுபோன அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலியில் நான் போட்ட கூச்சலில் யாரும் என் இடுப்பைப் பார்க்கவில்லை. படம் வந்ததும் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நம் தமிழ்ப் பெண்தான், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயது இருக்கும்.

"ஆன்டி, இங்க பாருங்க. இந்த எலும்பு அமுங்கி இருக்கு. அதான் அந்தச் சத்தம். சரி, கீழ இது என்ன?"

முதுகெலும்பின் நடுவில் சுண்ணாம்புக் குச்சி மாதிரி வெள்ளையாக ஒன்று தெரிந்தது. "வெள்ளித் தாயத்து" என்று முணுமுணுத்தேன்.

அண்ணன் கொண்டு வந்திருந்த பழைய முடிவை எடுத்துப் பார்த்தார். "போன டெஸ்ட் எடுக்கும்போதும் இது இருந்துச்சா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கீழ் முதுகுல நாலு எலும்பை அளந்து, சேர்த்து ஒரு கணக்கு சொல்லுவாங்க ஆன்டி. அந்த மெஷினுக்கு எது எலும்பு, எது வெள்ளின்னு தெரியாது. ரெண்டையும் சேர்த்து எலும்புன்னு எடுத்துக்கும். மத்த எலும்பெல்லாம் மெலிஞ்சிருக்கு. வெள்ளி இருந்த இடம் கல்லு மாதிரி காட்டிருக்கு. அதனால மொத்தக் கணக்கும் ஏறிடுச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. அரிசியோடு படிக்கல்லையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். மூட்டை கனமாக இருக்கிறது என்று மாவிளக்கு வேறு போட்டிருக்கிறேன்.

"எலும்பு ஒடிஞ்சதே போதும், மருந்து குடுத்துடுவேன். ஆனா இப்ப எந்த அளவுல நிக்கிறீங்கன்னு சரியா தெரிஞ்சாதான், மருந்து வேலை செய்யுதான்னு பின்னால பார்க்க முடியும். அதைக் கழட்டிட்டு வாங்க, மறுபடி அளப்போம். மூணு மாசத்துக்கு அங்கிளைத் தூக்கக்கூடாது. அடுத்தது இடுப்பு எலும்பு ஒடிஞ்சா, ரெண்டு பேருமே படுத்துடுவீங்க."

வீட்டுக்கு வந்து முதுகில் பட்டை கட்டிக்கொண்டு படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் என் கணவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் விழுந்தால் அவரை ஏதோ ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விடுவார்கள். யார் அவருக்கு ஊட்டுவார்கள்? அவர் குழறும் பேச்சு யாருக்குப் புரியும்? கழற்றாவிட்டால் என் எலும்பு போகும். கழற்றினால் அவர் உயிர் போகும். அப்படித்தான் என் மனம் சொன்னது. அம்மன் மேல் கோபம் வந்தது. ஏழு வருடம் கயிறு கட்டிக் காத்தேனே, என்னைக் கைவிட்டாயே என்று கேட்டேன்.

மணியம் அண்ணன் மறுநாளே ஒரு பையோடு வந்து ஹாலில் பாயைப் போட்டார். அவர் மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். "தங்கச்சி, நீ படு. போர்ட்டுல மூட்டை தூக்குன கை இது. இவன் என்ன, அம்பது கிலோ இருப்பானா?"

"அறுவது" என்றார் என் கணவர்.

"பத்து கிலோ வாயில இருக்கு" என்றார் அண்ணன்.

வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். ஆனால் தாயத்து இன்னும் என் இடுப்பில் இருந்தது. இரண்டாவது முறை அளக்கும் தேதி நெருங்கியது. இரண்டு முறை தேதியை மாற்றிவிட்டேன். டாக்டரிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

ஐப்பசி முதல் வெள்ளி, அண்ணன் காரில் கோவிலுக்குப் போனேன். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு வெற்றிலையில் மல்லிகை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைத்தேன். வெள்ளை வந்தால் கழற்றுவது. சிவப்பு வந்தால் என்ன ஆனாலும் கழற்றுவதில்லை.

கண்ணை மூடினேன். "அம்மா, அவர் உயிருக்கு நீதான் காவல். இந்தத் தாயத்து இல்லாவிட்டாலும் காவல் இருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. நீ சொல்." கையை நீட்டி ஒன்றை எடுத்தேன்.

பிரிக்கத் தைரியம் வரவில்லை. கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதுவரை என் கணவரிடம் தாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கைப்பையைப் பார்த்தார்.

"பூ என்ன வந்துச்சு?"

"பிரிக்கலங்க."

"குடு."

பல்லால் நூலைக் கடித்து இழுத்தார். இடது கையால் பிரித்துப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

"வெள்ளை."

"காட்டுங்க."

"செவப்பா இருந்தாலும் வெள்ளைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"விளையாடாதீங்க, காட்டுங்க."

கையை விரித்தார். மல்லிகைதான். நான் அழுதேன். அவர் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: "ஏழு வருசம் எனக்கே கேட்டிருக்க. உனக்குன்னு அம்மாகிட்ட ஒண்ணாவது கேட்டியா?"

கேட்டதே இல்லை.

காப்புக் கயிற்றை வெட்டக்கூடாது என்பார்கள், அவிழ்க்கத்தான் வேண்டும். முடிச்சு பின்பக்கம் இருந்தது. வியர்வையில் ஊறிக் கல்லாக இறுகியிருந்தது. நான் அவர் நாற்காலிக்கு முன் முக்காலியில் திரும்பி உட்கார்ந்தேன். ஒரு கையால் அவர் முடிச்சைத் தளர்த்தினார். "நேத்துத்தான் நகத்தை வெட்டிவிட்ட. ஒரு நாள் பொறுத்து வெட்டியிருக்கலாம் லா" என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கயிறு என் மடியில் விழுந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவர் ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்தது அதுதான். தாயத்தை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்தின் காலடியில் வைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகக் குனிந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

"இருக்கேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அடுத்த வாரம் மறுபடி அளந்தார்கள். அங்கே இருந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண். அவர் கேட்கும் முன்பே நான் என் உடைந்த மலாயில் பேச ஆரம்பித்தேன். பின் இல்லை, கொக்கி இல்லை, கயிறு இல்லை, இன்று சுண்ணாம்புச் சத்து மாத்திரைகூடப் போடவில்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூச்சம் தெரியாமல் நான் அவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் முதல் முறை.

முதுகெலும்பு மைனஸ் மூன்று புள்ளி நான்கு. மைனஸ் இரண்டரையைத் தொட்டாலே எலும்புத் தேய்வு நோய் என்பார்களாம். நான் அதையும் தாண்டிக் கீழே இருந்தேன். டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். எனக்கு ஏனோ பயம் வரவில்லை. உண்மை தெரிந்துவிட்டது. இனி ஏற வழி இருக்கிறது. "அம்மா, எனக்கு ஒன்று வேண்டும். என் முதுகை நிமிர்த்திக் கொடு" என்று அங்கேயே வேண்டினேன். எனக்காக நான் வேண்டிய முதல் வேண்டுதல் அது.

வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அரை மணி நேரம் விளக்கேற்றி அம்மன் முன் உட்கார்வேன். பாலும் நெத்திலியும் விடவில்லை. காலையில் வெயிலில் நடந்தேன். மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுப்பவர்கள் என் கணவரைத் தூக்காமலே மாற்றி உட்கார வைக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். இடுப்பில் ஒரு பட்டை, தொடைக்கு அடியில் ஒரு சறுக்குப் பலகை, அவருடைய நல்ல காலில் ஓர் உந்தல். ஏழு வருடம் அவரை மூட்டை மாதிரி தூக்கிய என்னிடம், அவர் காலிலும் பலம் இருக்கிறது என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

இரண்டு வருடம் ஓடியது. சென்ற மாதம் மறுபடி அளந்தோம். நானும் வருவேன் என்று அவர் அடம்பிடித்தார். மணியம் அண்ணன் காரில் மூவரும் போனோம். டாக்டர் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மைனஸ் மூன்று புள்ளி நான்கு, மைனஸ் இரண்டு புள்ளி எட்டாக ஏறியிருந்தது. இன்னும் நோய் உண்டு, மருந்து உண்டு. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ஒரு எலும்பும் ஒடியவில்லை. "நல்லா ஏறியிருக்கு ஆன்டி. இப்படி ஏறினா எங்களுக்கே சந்தோசம்" என்றார் டாக்டர்.

மருந்து வாங்கும் வரிசையில் என் கணவர், முன்னால் நின்ற ஒரு சீனப் பாட்டியிடம், பின்னால் நின்ற ஒரு மலாய் அண்ணனிடம், எல்லோரிடமும் குழறிக் குழறிச் சொன்னார்: "என் பொண்டாட்டி எலும்பு ஏறிடுச்சு." அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மணியம் அண்ணன் மலாயில் மொழிபெயர்த்தார். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் முன்பு மாதிரி தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து நின்றேன்.

சகோதரிகளே, அம்மன் என்னைக் கைவிட்டாள் என்று நினைத்தேன். அவள் எக்ஸ்ரே படத்தில் வந்தாள். என்னைத் திட்டாத டாக்டராக வந்தாள். ஹாலில் பாய் போட்ட அண்ணனாக வந்தாள். வெற்றிலைக்குள் மல்லிகையாக வந்தாள். என் மருந்தும் அவள் கொடுத்ததுதான், அதை ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் போட வைத்ததும் அவள்தான்.

நம்மில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். புருஷனுக்கு, பிள்ளைக்கு, பேரனுக்கு என்று விளக்குப் போடுகிறோம். அடுத்த வெள்ளி உங்களுக்கென்று ஒரு விளக்குப் போடுங்கள். பிறகு போய் எலும்பை அளந்து பாருங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். கடைசி வரிசையில் இருந்து எழுந்து முன் வரிசைக்கு வந்துவிட்டேன். அங்கேதான் இருப்பேன்.